ஒரே எடை

“ரெண்டு பேட்டும் ஒண்ணுதான், பெருசு. எதை எடுத்தா என்ன?”

“இது முன்னாடி இழுக்குதுப்பா. தலைப் பக்கமா.”

“ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே கடையில ஒரே பில்லுல வாங்கினது. உன் கையில மட்டும் எப்படி இழுக்கும்?”

“தெரியலப்பா.”

“தெரியலைன்னா பேசாம ஆடு. உனக்கும் சிறுசுக்கும் வித்தியாசம் பாக்குற ஆளா நான்?”

அந்தப் பேச்சு நடந்தபோது மூத்தவளுக்குப் பத்து வயது. பத்து வயதிலேயே வீட்டில் அவள் ‘பெருசு’; அவளைவிட இரண்டு வயது இளையவள் ‘சிறுசு’. அப்பா வித்தியாசம் பார்க்கிற ஆள் இல்லை என்பது உண்மைதான். ஒரே துணியில் இரண்டு கவுன், ஒரே நிறத்தில் இரண்டு குடை. பழத்தை நறுக்கினால்கூட இரண்டு பாதியையும் உள்ளங்கைகளில் ஏந்திப் பார்த்துவிட்டுத்தான் தட்டில் வைப்பார். அம்மா இல்லாத வீட்டில் எந்தக் குறையும் யார் பக்கமும் சாய்ந்துவிடக் கூடாது என்று அவருக்கு ஒரு வைராக்கியம். அப்படிப்பட்டவரிடம் போய், ‘அப்ப அவளோட பேட்டை எனக்குக் குடுங்க’ என்று எப்படிக் கேட்பது? கேட்டால் அவர் முகம் வாடிவிடும். வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. எச்சிலோடு சேர்த்து விழுங்கினாள்.

அந்த மட்டையோடு பதினேழு வயதுவரை டென்னிஸ் ஆடினாள். அதற்குள் முழங்கை கெட்டுப்போனது. தண்ணீர்ச் சொம்பைத் தூக்கினால்கூடச் சுண்டி இழுக்கும். டாக்டர் “போதும்மா” என்றார். அப்பா “போகட்டும் விடு” என்றார். இளையவள் தன் மட்டையோடு மாவட்டம் தாண்டி, மாநிலம் தாண்டி, பிறகு நாடும் தாண்டிப் போனாள்.

இப்போது மூத்தவளுக்கு முப்பது கடந்துவிட்டது. டென்னிஸ் மைதானத்தின் பின்புறம், துணி மாற்றும் அறைகளை ஒட்டி இருக்கிற நீளமான ஒற்றை அறைதான் அவளுடைய பட்டறை. அவளுடையது என்று சொன்னால், அதன் சொந்தக்காரர் ஒன்றும் வருத்தப்பட மாட்டார். மட்டைகளுக்கு நரம்பு கட்டியே தலை நரைத்த அவரை எல்லோரும் ‘நரம்பு மாமா’ என்றுதான் கூப்பிடுவார்கள். நரம்பு கட்டுவது அவர் வேலை. மட்டைகளை ஜோடி சேர்ப்பது அவள் வேலை.

ஜோடி சேர்ப்பது என்றால் ஏதோ கல்யாணத் தரகு மாதிரி இருக்கும் என்று மாமா கேலி செய்வார். விஷயம் எளிதானதுதான். ஓர் ஆட்டக்காரர் கொண்டுபோகிற மூன்று மட்டைகளும் கையில் ஒன்றுபோலவே இருக்க வேண்டும். தொழிற்சாலையிலிருந்து வரும் மட்டைகளின் மேல் ஒரே எடைதான் அச்சடித்திருக்கும். தராசில் வைத்தால் ஒன்று நாலு கிராம் தூக்கலாக இருக்கும், ஒன்று ஐந்து கிராம் குறைவாக இருக்கும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் பெரிய சங்கதி. பிடியில் உட்கார்ந்திருந்தால் மட்டை கை சொன்னபடி கேட்கும். தலையில் உட்கார்ந்திருந்தால் ஒவ்வொரு வீச்சிலும் கையை முன்னால் இழுக்கும்; பந்துக்குப் போய்ச் சேர ஒரு இமைப்பொழுது தாமதமாகும். அந்த இமைப்பொழுதில்தான் ஆட்டமே இருக்கிறது. மேஜை மேல் அவளுக்கு ஒரு மரப்பலகை உண்டு. குறுக்கே ஒரு மெல்லிய விளிம்பு, ஓரத்தில் மில்லிமீட்டர் கோடுகள். மட்டையை அதன் மேல் படுக்கவைத்து முன்னும் பின்னும் நகர்த்தினால், எந்தக் கோட்டில் ஆடாமல் நிற்கிறதோ அதுதான் அதன் நடு. அதைப் பார்த்துக்கொண்டு, எடை குறைந்த மட்டைகளுக்கு ஈய டேப்பைச் சின்னச் சின்னதாக வெட்டி, வேண்டிய இடத்தில் ஒட்டுவாள். கூட்டத்தான் முடியும், செய்து வந்துவிட்ட மட்டையிலிருந்து எதையும் குறைக்க முடியாது. அதனால் மூன்றில் எது கனமோ, மற்ற இரண்டும் அதன் கனத்துக்கு ஏறியாக வேண்டும். தன் வீட்டிலும் அப்படித்தானே என்று சில நேரம் நினைத்துக்கொள்வாள்.

வீட்டில் கனமானவர் இப்போது அப்பா. பக்கவாதத்தில் இரண்டு வருடமாக வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போய்விட்டது. காலையில் துடைத்து, ஊட்டி, சாய்த்து உட்காரவைத்துவிட்டு அவள் பட்டறைக்கு வருவாள். நடுவில் பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பார்ப்பார். மாலையில் போய் மறுபடியும் தூக்க வேண்டும். தூக்கும்போதெல்லாம் அந்தப் பழைய முழங்கை தன் இருப்பைச் சொல்லும். இளையவள் வாரத்துக்கு ஒருமுறை போன் திரையில் வருவாள். “என்னப்பா, ஹீரோ மாதிரி இருக்கீங்க” என்பாள். அவர் கோணிய வாயால் சிரிப்பார். அன்று முழுக்க அந்தச் சிரிப்பு முகத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். தினமும் துடைத்துவிடுகிறவளைப் பார்த்து அவர் அப்படிச் சிரித்ததில்லை.

இந்த நிலைமையில்தான் அந்த அழைப்பு வந்தது. ஊர் ஊராகப் போட்டிகளுக்குப் போகிற குழு ஒன்று, மட்டை சரிபார்க்க ஆள் தேடியது. நரம்பு மாமா அவள் பெயரைச் சொல்லிவிட்டார். ஒரு சீசன் முழுக்க விமானம், ஹோட்டல், பெரிய பெரிய மைதானங்கள். இன்று மாலைக்குள் பதில் சொல்ல வேண்டும். வாழ்க்கையில் முதல் தடவையாக யாரோ அவளைத் தேடி வந்து கூப்பிடுகிறார்கள். அப்பாவை என்ன செய்வது என்பதற்கு அவளிடம் ஒரே ஒரு பதில்தான் இருந்தது. அந்தப் பதில் வேறொருத்தியின் வாயிலிருந்து வர வேண்டும்.

அந்த வேறொருத்தி அன்று பிற்பகல் கதவைக் காலால் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். வந்த வேகத்தில் தோள்பையை மேஜை மேல் போட்டாள்.

“எடுத்துப் பாரு. உன் கைவண்ணம்.”

“மெதுவா வை. தராசு மேல இடிக்குது.”

“தராசுக்கு வலிச்சிடுமேன்னு பதறுற. எனக்கு வலிச்சா உனக்குத் தெரியாது.”

நரம்பு மாமா நரம்பு இழுத்துக் கட்டும் மிஷினிலிருந்து தலையைத் தூக்கினார். “வாம்மா சாம்பியன்! டீ சொல்லட்டுமா, இல்ல தீயணைப்பு வண்டியே சொல்லிடட்டுமா?”

இளையவள் சிரிக்கவில்லை. பையிலிருந்து மூன்று மட்டைகளையும் உருவி வரிசையாக வைத்தாள். மூன்றும் மூத்தவள் ஜோடி சேர்த்து அனுப்பியவை. சரிபார்த்ததற்கு அடையாளமாகப் பிடியின் அடியில் அவள் ஒட்டிய பச்சைப் பொட்டு மூன்றிலும் இருந்தது.

“அரையிறுதி. கடைசி செட்டு. ரெண்டு பேட்லயும் நரம்பு போச்சு. மூணாவதை எடுத்தேன். பேட்டா அது? சம்மட்டி. அடிக்கிற ஒவ்வொரு பந்துக்கும் லேட்டாப் போகுது. எதிர்ல நிக்கிறவ என்னைப் பாத்து சிரிக்கிறா. நான் தோத்துட்டு வந்து நிக்கிறேன், அங்க எல்லாரும் ‘உங்க அக்காதானே பண்ணிக் குடுத்தாங்க’ன்னு கேக்குறாங்க. என்ன சொல்லட்டும்?”

மூத்தவளுக்கு உச்சந்தலையில் சுர்ரென்றது. வந்தவள் அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்கவில்லை. வீட்டுப் பக்கம் போய்விட்டு வந்த மாதிரியும் தெரியவில்லை. செருப்பில் விமான நிலையத்துத் தூசி.

“தோத்துட்டா பேட் மேல பழியைப் போட்டுடறதா? மூணும் ஒரே எடை. நானே நிறுத்தேன். மூணும் ஒண்ணுதான். உன் கையில மட்டும் எப்படி இழுக்கும்?”

சொல்லி முடித்த பிறகுதான் அந்த வாக்கியம் யாருடையது என்று அவளுக்கே உறைத்தது. அப்பாவின் குரல், அப்பாவின் அதே இழுவை. ஆனால் வாயிலிருந்து போனது போனதுதான்.

“ஆஹா, வந்துட்டாரு அப்பா,” என்றாள் இளையவள். “அவருக்குத்தான் வாய் விழுந்துபோச்சே, யார் பேசறதுன்னு பாத்தேன்.”

“நாக்கை அடக்கு.”

“ஏன் அடக்கணும்? நீ வேணும்னுதான் செஞ்சிருக்கே. எனக்குத் தெரியாதா? சின்ன வயசுலேர்ந்து என்னை நீ பாக்குற பார்வை தெரியாதா? நான் ஜெயிச்சு வந்தா உனக்குத் தலைவலி வரும். கப்பைத் தூக்கிட்டு வந்தா அதை எங்க வைக்கிறதுன்னு இடமே இருக்காது உனக்கு. இனிமே ஒருத்தனும் உன்கிட்ட பேட்டைக் குடுக்காதபடி பண்றேன் பாரு. அங்க எல்லார்கிட்டயும் சொல்றேன்.”

“ஐயய்யோ, அப்படியெல்லாம் வெளிய சொல்லிவச்சிடாதம்மா,” என்று மாமா பதறி எழுந்தார். “அந்த டூர் குழுவுலயே அக்காவைக் கூப்பிட்டிருக்காங்க. இன்னிக்குள்ள பதில் சொல்லணும். நீ வேற இந்த நேரத்துல…”

மாமா தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார். பொத்தி என்ன பயன்?

இளையவள் மெதுவாகத் திரும்பினாள். “டூருக்கா? நீயா?”

“ஏன், எனக்குக் கால் இல்லையா?”

“அப்ப அப்பாவை யாரு பாத்துக்கிறது?”

இரண்டு வருடத்தில் அவள் இந்தக் கேள்வியைக் கேட்பது இதுதான் முதல் தடவை. மூத்தவள் அதை நிதானமாகக் காதில் வாங்கிக்கொண்டாள். “பரவாயில்லையே, அப்பாவுக்கு ஆள் வேணும்னு இன்னிக்காவது உனக்குத் தோணிச்சே,” என்றாள். அதற்கு மேல் சொல்ல வேண்டியதும் அங்கேயேதான் இருந்தது, தொண்டைக்குக் கீழே. ஆனால் இப்போது கேட்டால் அது கெஞ்சல் ஆகிவிடும். முதலில் இவளுடைய வாயை அடைக்க வேண்டும். ஜெயித்த பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

அவள் தராசைத் துடைத்தாள். முதல் மட்டையை வைத்தாள். இரண்டாவதை வைத்தாள். மூன்றாவது. எண் மாறவில்லை.

“பாத்துக்க. கண்ணு நல்லாத் தெரியுதில்ல?”

இளையவள் மரப்பலகையைக் காட்டினாள். “பலகையில வை.”

“வைக்கிறேன். அதுக்கென்ன.”

முதல் மட்டை தன் கோட்டில் அசையாமல் நின்றது. இரண்டாவதும் அதே கோட்டில் நின்றது. மூன்றாவதை வைத்துக் கையை எடுத்தாள். அது ஒரு நொடி யோசித்தது. பிறகு தலையைத் தாழ்த்தி மேஜையில் ‘டக்’கென்று முட்டியது.

மூத்தவள் மறுபடியும் வைத்தாள். மறுபடியும் ‘டக்’. அதை நிற்கவைக்கப் பல கோடுகள் தாண்டித் தள்ள வேண்டியிருந்தது.

“நான் போய் பால் வாங்கிட்டு வந்துடறேன்,” என்றார் மாமா. அவர் ஆயுசு முழுக்கப் பால் விடாத டீ குடிக்கிறவர். கதவு சாத்தும் சத்தம்கூடக் கேட்காமல் போய்விட்டார்.

மூத்தவள் மட்டைத் தலையின் உச்சியில் இருந்த காப்புப் பட்டையை நெம்பித் தூக்கினாள். அடியில் ஈய டேப். நாலு முனையும் வட்டமாக நறுக்கிய டேப். அப்படி நறுக்கி ஒட்டுவது இந்தப் பட்டறையில் அவள் ஒருத்திதான். பிடிக்குள் போயிருக்க வேண்டிய கடைசி சில கிராம்கள் தலையின் உச்சியில் உட்கார்ந்திருந்தன. தராசுக்கு அது தெரியாது. தராசுக்கு எடை மட்டும்தான் தெரியும்.

இந்த மட்டையைச் சரிபார்த்த நாள் ஞாபகம் வந்தது. பக்கத்து வீட்டு அம்மா போன் செய்து, அப்பா கட்டிலிலிருந்து சரிந்துவிட்டார், தன்னால் தூக்க முடியவில்லை என்றார். கையில் மூன்றாவது மட்டை. எடை சரியாகிவிட்டது, டேப்பை எங்கே வைப்பது என்பதுதான் பாக்கி. பலகையை எடுக்க நேரமில்லை. உச்சியில் ஒட்டி ஒருமுறை காற்றில் வீசிப் பார்த்தாள். கை ‘சரி’ என்றது. சந்தேகமே இல்லாமல் சொன்னது. பச்சைப் பொட்டை ஒட்டிவிட்டு ஓடினாள்.

கை ஏன் அப்படிச் சொன்னது?

அவள் கண் தானாகச் சுவருக்குப் போனது. அங்கே ஆணியில் அவளுடைய பழைய மட்டை தொங்கிக்கொண்டிருந்தது. மிஷினின் இழுவையைச் சோதிக்க மாமா வைத்திருக்கிற கிழட்டு மட்டை என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அதை எடுத்தாள். பலகையில் வைத்தாள். நகர்த்தினாள். மூன்றாவது மட்டை எந்தக் கோட்டில் நின்றதோ, அதே கோட்டில் வந்து அசையாமல் நின்றது.

வருடக்கணக்காக ஒரு கோணலான மட்டையைப் பிடித்த கை அது. அந்தக் கோணலையே நேர் என்று படித்துவைத்திருந்தது.

“என்ன பாக்குறே?” என்றாள் இளையவள். குரலில் வெற்றி ஏறியிருந்தது. “வேணும்னே செஞ்சதுதானே? ஒத்துக்க.”

“வேணும்னு செய்யல.”

“பின்ன?”

“அவசரத்துல கையால பாத்தேன். என் கைக்கு இதுதான் சரின்னு பட்டுச்சு.”

“நல்லா இருக்கே கதை! எனக்குப் பண்ற பேட்டு உன் கைக்குச் சரியா இருந்தா போதுமா?”

மூத்தவள் அந்தப் பழைய மட்டையைப் பிடிப் பக்கமாக நீட்டினாள். இளையவள் அதை முறைத்தாள். பிறகு ஏதோ அருவருப்பான பொருளை வாங்குகிற மாதிரி வாங்கி, ஒருமுறை வீசினாள். புருவம் சுருங்கியது. கால்களை ஊன்றி நின்று இன்னொருமுறை, முழு வேகத்தில். மட்டை அவளை அரையடி முன்னால் இழுத்துக்கொண்டு போனது. ஒரே வீட்டில் வளர்ந்தும் அவள் இதை ஒருநாளும் தொட்டதில்லை.

“இதை வச்சா ஆடினே?”

“இதை வச்சுத்தான்.”

“இந்தக் கனத்தை வச்சு அந்தப் பேக்ஹேண்ட் எல்லாம்…” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். பாராட்டு மாதிரி ஆகிவிடுமோ என்று பயந்திருக்க வேண்டும். அவள் பார்வை அக்காவின் முழங்கைக்குப் போய்விட்டு விலகியது. “வாயைத் தொறந்து சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னேனே. ரெண்டும் ஒண்ணுதான்னு சொல்லிட்டாரு.”

“அப்பாகிட்ட சொன்னே. என்கிட்ட சொன்னியா?”

மூத்தவள் நிமிர்ந்தாள்.

“என்கிட்ட கேட்டியா? ஒருநாள், ஒரே ஒரு தடவை? பக்கத்துல ஒரே போர்வைக்குள்ளதானே படுத்திருந்தேன்?”

“கேட்டிருந்தா தூக்கிக் குடுத்திருப்பியாக்கும்?”

“மாட்டேன்.” யோசிக்காமல் வந்தது பதில். “குடுத்திருக்க மாட்டேன். கத்தியிருப்பேன், கடிச்சிருப்பேன். நீ என் முடியைப் புடிச்சு இழுத்து பிடுங்கியிருக்கலாம். நீதானே பெரியவ? அதோட முடிஞ்சிருக்கும். அதை விட்டுட்டு, எதையும் கேக்காம, என்னமோ நான் உன்கிட்டேர்ந்து திருடிக்கிட்ட மாதிரி இத்தனை வருஷமா ஒரு மூஞ்சியை வச்சுக்கிட்டு நிக்கிறே பாரு, அதைத்தான் என்னால சகிக்க முடியல. வீட்டுக்கு வந்தா அந்த மூஞ்சி. போன்ல வந்தா அப்பாவுக்குப் பின்னாடி அந்த மூஞ்சி. அதுக்குத்தான் நான் வர்றதே இல்ல, தெரிஞ்சுக்க.”

கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. திருப்பி அடிக்க நூறு வார்த்தை வரிசையில் நின்றது. அப்பாவின் படுக்கை விரிப்பை ஒருநாளாவது மாற்றியிருக்கிறாயா, அவர் இடது கையால் சாப்பிடப் பழகியதும் சோற்றைத் தட்டிவிட்டுக் குழந்தை மாதிரி அழுததும் உனக்குத் தெரியுமா. எல்லாமே உண்மை. எல்லாவற்றையும் சொல்லிவிடலாம். சொன்னால் இவளும் சொல்வாள். இருவருமே சரி என்று நிரூபித்துவிட்டு இருட்டும்வரை இங்கேயே நிற்கலாம். ஆனால் இளையவள் சொன்னதில் ஒரு வார்த்தை மட்டும் முள்ளாகத் தைத்து நின்றது. கேட்டியா?

கேட்கவில்லை. அப்பாவிடமும்தான். இழுக்கிறது என்று சொன்னாள். மாற்றிக் கொடு என்று கேட்கவில்லை. சொல்வதும் கேட்பதும் ஒன்று என்றே இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தாள்.

“மூணாவதைச் சரி பண்ணி வை,” என்று இளையவள், புது நரம்பு கட்டியிருந்த நல்ல மட்டைகள் இரண்டையும் பைக்குள் தள்ளி ஜிப்பை இழுத்தாள். “நாளன்னிக்கு எனக்கு ஃப்ளைட். இந்தத் தடவையாவது பலகையில வச்சுப் பாரு. உன் கையை நம்பாதே.”

“வீட்டுக்கு வரலியா?”

“எதுக்கு? அந்த மூஞ்சியைத்தான் இங்கயே பாத்தாச்சே.”

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கதவுவரை போய்விட்டாள். பழைய மட்டை இன்னும் அவள் வலது கையில்தான் இருந்தது. கோபத்தில் அதைக் கீழே வைக்க மறந்திருந்தாள். மேஜை மேல் போன் அதிர்ந்தது. டூர் குழுவின் எண். மூத்தவள் அதை எடுக்கவில்லை. முழங்கையை மற்றொரு கையால் பிடித்துக்கொண்டாள். நாக்கு நுனியில் அந்தப் பத்து வயது எச்சிலின் ருசி.

“சிறுசு.”

அந்தப் பெயரைக் கேட்டு எத்தனையோ காலமாகிவிட்டது. இளையவள் கதவில் கை வைத்தபடி நின்றாள். திரும்பவில்லை.

“ஃப்ளைட்டை கேன்சல் பண்ணு. இந்த ஒரு சீசன் நீ போகாதே.” குரல் கெஞ்சலாகவும் வரவில்லை, அதட்டலாகவும் வரவில்லை. “வீட்டுல இரு. அப்பாவை நீ தூக்கு, நீ துடை, நீ ஊட்டு. நான் போறேன். நாம மாத்திக்கலாம். உன்னோடதை எனக்குக் குடு.”

அதிர்ந்துகொண்டிருந்த போன் நின்றது. இளையவள் அப்போதும் திரும்பவில்லை. அவள் கையிலிருந்த பழைய மட்டை மட்டும், பிடித்திருப்பதை அவள் மறந்துவிட்டாற்போல, தலையின் கனத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் தரையை நோக்கித் தாழ்ந்துகொண்டிருந்தது.